கொட்டில் வேலையும் அதன் கூலியும்: விக்கிரமங்கலம் வட்டாரத்தை முன்வைத்து

கொள்ளிடத்துக்கு வடக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அடங்கும் விக்கிரமங்கலமும் அதைச் சூழ்ந்த ஊர்களும், ஆற்றுக்குத் தென்கரையிலுள்ள தஞ்சைச் சமவெளியைப் போல வாய்க்கால் நீரை மட்டும் நம்பி வாழ்ந்தவை அல்ல. அரியலூர்ப் பக்கத்துக் கரிசலும் உடையார்பாளையத்துப் பக்கத்துச் செம்மண்ணும் பெரும்பாலும் மழையையும் ஏரியையும் கிணற்றையும் எதிர்பார்த்துக் கிடந்த நிலங்களாதலால், உழுவதற்கும், கவலை என்னும் தோல்சால் கொண்டு கிணற்று நீரை இறைப்பதற்கும், விளைந்ததை வண்டியேற்றிச் சந்தைக்குக் கொண்டுபோவதற்கும், அடுத்த பருவத்துக்கு எரு சேர்ப்பதற்கும் மாடே முதலாக நின்றது. ஆகவே நாலு காணி நிலமுள்ள வீடு எதுவாயினும் அதன் கொல்லைப்புறத்தில் ஒரு கொட்டில் இருந்தது. கொட்டில் இருந்த இடத்தில் விடியலுக்கு முன்னும் பொழுது சாய்ந்த பின்னும் செய்தாக வேண்டிய வேலையும் இருந்தது. அந்த வேலையைச் செய்தவர் யார், அவர் எவ்வாறு அமர்த்தப்பட்டார், அவருக்கு எதனால், எந்தக் கணக்கில் கூலி கொடுக்கப்பட்டது என்பவை வேளாண் வரலாற்றில் ஓரமாகவே பேசப்பட்டு வந்துள்ளன. ஏர் பிடித்தவனின் கூலிக்கும் நாற்று நட்டவளின் கூலிக்கும் ஏடுகளில் இடமுண்டு. சாணி அள்ளியவரின் கூலி மட்டும் எப்போதும் வேறொரு கூலிக்குள் மறைந்தே கிடந்தது.

கொட்டில் வேலை என்பது ஒரே வேலை அன்று, பல வேலைகளின் தொடர். கட்டுத்தறியிலிருந்து மாடுகளை அவிழ்த்து வெளியே முளையில் கட்டுவது, இரவில் விழுந்த சாணியைக் கையால் வழித்துக் கூடையில் அள்ளுவது, மூத்திரத்தில் நனைந்த கூளத்தை வாரி அதனுடன் சேர்த்துக் குப்பைக்குழியில் கொட்டுவது, தரையைக் கூட்டி ஈரம் காயவிடுவது ஆகியவை விடியற்காலைப் பணிகள். அதன்பின் அடுப்படியிலிருந்து வந்த கழுநீரைத் தொட்டியில் ஊற்றித் தவிடும் பிண்ணாக்கும் கலந்து காட்ட வேண்டும். உழவு மாடுகளுக்கு ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை தனி. பகலில் புல் அறுப்பதும், குளத்தில் மாடு குளிப்பாட்டுவதும், உண்ணி பிடுங்குவதும், மாலையில் வைக்கோற்போரிலிருந்து பிடுங்கியதையோ நறுக்கிய சோளத்தட்டையையோ கடலைக்கொடியையோ போடுவதும், மழைக்காலத்து இரவில் கொசுவுக்கு மூட்டம் போடுவதும் எஞ்சியவை. இந்த வரிசையில் எதையும் நாளைக்கு என்று தள்ளிவைக்க இயலாது. மழை பெய்தால் உழவு நிற்கும், அறுவடை முடிந்தால் களம் ஓயும். கொட்டிலுக்கோ பொங்கலன்றும் ஓய்வில்லை என்பதோடு, மாட்டுப் பொங்கலன்று வேலை இரட்டிப்பாகும். நாள்தோறும் தவறாமல் செய்ய வேண்டியதாகவும், ஒரு வேளைக்கு ஓரிரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்காததாகவும் இருந்த இந்த இயல்பே அதன் கூலியை நிர்ணயிப்பதைக் கடினமாக்கியது. முழுநாள் கூலி கொடுக்கும் அளவுக்கு அது பெரிதில்லை. கூலியின்றி ஒருவரை வரச்சொல்லும் அளவுக்குச் சிறிதும் இல்லை.

இவ்வட்டாரத்தில் கால்நடை பராமரிப்புக்கான மிகப் பழைய ஒப்பந்த முறை சோழர் கல்வெட்டுகளில் கிடைக்கிறது. விக்கிரமங்கலத்தைப் போலவே இன்றைய அரியலூர் மாவட்டத்துக்குள் அடங்கும் கங்கைகொண்ட சோழபுரத்தை முதலாம் இராசேந்திரன் தலைநகராக்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அவன் தந்தை முதலாம் இராசராசன் தஞ்சையில் எடுப்பித்து 1010ஆம் ஆண்டில் நிறைவு கண்ட பெரிய கோயிலின் சுவர்களில், கோயில் விளக்குகளுக்காக இடையர்களிடம் ஒப்படைக்கப்பட்ட கால்நடைகளின் பட்டியல்கள் வெட்டப்பட்டுள்ளன. ஒரு விளக்கு அணையாமல் எரிவதற்கு 96 ஆடுகள் என்பது அங்குள்ள அளவு. ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு, ஓர் எருமைக்கு ஆறு ஆடு என்ற ஈடு வைக்கப்பட்டதால், 48 பசுக்களோ 16 எருமைகளோ அதே விளக்குக்குப் போதுமானவை. அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். இவ்வாறு கொடுக்கப்பட்ட மந்தை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டது. கிழடானதற்கும் செத்ததற்கும் ஈடாகக் குட்டிகள் வந்துகொண்டிருக்குமாதலால், கணக்கில் அந்த ஆடுகளுக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை என்பது அதன் பொருள்.

இந்த ஏற்பாட்டின் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. நான்கு உழக்கு ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால், பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்ற வாய்பாட்டின்படி, நாளொன்றுக்கு ஓர் உழக்கு என்பது 365 நாளைக்கு 91¼ நாழி, அதாவது ஒரு கலத்துக்கு ஐந்து நாழி போலக் குறைவு. தொண்ணூற்றாறு ஆடுகளின் ஓராண்டுக் கடமை ஏறத்தாழ ஒரு கலம் நெய்யே என்றால், அதற்கு மேற்பட்ட பாலும், மோரும், பெருகிய குட்டிகளும், மந்தையின் எருவும் மேய்த்தவரிடமே தங்கின என்றாகிறது. அதே கோயிலில் ஆடல் மகளிர் 400 பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு என்றும், ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்றும் ஊதியம் தெளிவாக வகுக்கப்பட்டிருக்க, விளக்கு மந்தையை வாங்கிய இடையருக்கு அவ்வாறு நெல்லோ காசோ ஊதியமாக வகுக்கப்படவில்லை. அவர் அளக்க வேண்டியது மட்டும் உழக்குச் சுத்தமாகச் சொல்லப்பட்டு, அவருக்கு உரியது மிச்சமாக விடப்பட்டது. மிச்சமே கூலி என்னும் இந்த முறை, மந்தை குட்டி ஈன்று செழிக்கும் ஆண்டில் மேய்ப்பவருக்கு ஆதாயமாகவும், வறட்சியிலும் நோயிலும் அவர் தலையில் விழும் இழப்பாகவும் அமைந்தது. சில பட்டியல்களில் இடையரோடு அவருடைய உறவினர் பெயரும் பொறுப்பாளியாகச் சேர்க்கப்பட்டிருப்பது, இழப்பு யார் மேல் நிற்கும் என்பதில் கோயில் காட்டிய கவனத்தைத் தெரிவிக்கிறது.

இதன் நெடிய எச்சம் எனக் கொள்ளத்தக்கது, அண்மைக்காலம் வரை கிராமங்களில் நிலவிய, வாரத்துக்கு மாடு விடும் வழக்கம். மாடு வாங்க வசதியுள்ளவர் ஒரு கிடேரிக் கன்றை வசதியற்ற வீட்டுக்கு வளர்க்கக் கொடுப்பார்; தீனியும் பராமரிப்பும் வளர்ப்பவர் பொறுப்பு; ஈன்ற கன்றிலோ, மாட்டை விற்று வந்த பணத்திலோ இருவருக்கும் பங்கு. இங்கும் நாள்தோறும் சாணி அள்ளிய உழைப்புக்கு நாட்கூலி இல்லை. அது இரண்டு மூன்று ஆண்டு கழித்துக் கன்றின் உருவத்தில் திரும்பி வருகிறது. ஊர் மாடுகளை மொத்தமாக ஓட்டிச் சென்று மந்தைவெளியில் மேய்த்தவருக்குக் கொடுக்கப்பட்டதோ வேறொரு கணக்கு: மாட்டுக்கு இத்தனை படி தானியம் என்று தலைக்கட்டாகப் பேசி, அறுவடையில் களத்திலேயே அளந்து கொடுத்தனர். இவ்விரண்டும் மேய்ச்சலுக்கும் வளர்ப்புக்கும் பொருந்தினவே அன்றி, வீட்டுக்குள் அடங்கிய கொட்டிலின் அன்றாட வேலைக்குப் பொருந்தவில்லை.

அந்த வேலையைச் சுமந்தவர் பண்ணையாள். பண்ணை என்பது நிலவுடைமையாளரின் சொந்தச் சாகுபடி. அதற்கென ஆண்டு முழுவதும் அமர்த்தப்பட்டவர் பண்ணையாள். அவருக்கே திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு பகுதிகளில் வழங்கிய மற்றொரு பெயர் படியாள். அன்றாடம் படியால் அளந்து கொடுத்த தானியமே அவருடைய கூலி என்பதால் அப்பெயர். கம்பும் வரகும் சோளமும் விளைந்த இப்புன்செய்ப் பகுதியில் அந்தப் படி நெல்லாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. படியோடு காலையில் கூழோ பழைய சோறோ, ஆண்டுக்கு ஒருமுறை வேட்டியும் துண்டும், பொங்கலுக்கு அரிசியும் வெல்லமும், களத்தில் கடைசியாகக் கூட்டி அள்ளிய தூற்றல் நெல்லும், குடிசை போட ஓர் இடமும் சேர்ந்து ஒரு மூட்டையாகக் கட்டப்பட்டன. ஏர், இறைப்பு, களம், கொட்டில் ஆகிய அனைத்தும் அந்த ஒரே மூட்டைக்கு ஈடு. கொட்டிலுக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்கத் தேவை எழவில்லை. கேட்பதற்கு இடமும் வைக்கப்படவில்லை.

அந்த மூட்டையைக் கட்டிய கயிறு முன்பணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு நடத்திய கிராம ஆய்வுகளைத் தொகுத்து 1918இல் வெளியிட்டபோது, அண்டை மாவட்டமான தென்னார்க்காட்டின் எருவெல்லிப்பேட்டைப் படியாட்களைப் பற்றிய குறிப்பு அதில் இடம்பெற்றது. கடனால் ஒரு நிலவுடைமையாளரைத் தலைமுறை தலைமுறையாகச் சார்ந்து நிற்க நேர்ந்தவர்கள் என்பதே அக்குறிப்பின் சாரம். திருமணச் செலவுக்காக வாங்கிய தொகை திருப்பித் தர இயலாததாகவே நிற்கும். மகன் தந்தையின் கடனோடு தந்தையின் வேலையையும் பெறுவான். அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அறிவித்து முக்கால் நூற்றாண்டு ஆன பின்னும், கடன் என்ற பெயரில் அதன் சாயல் நீடித்தது. இக்குடும்பங்களில் பையன்களுக்கு முதலில் வாய்த்த வேலை கொட்டில் வேலையே. ஏழெட்டு வயதில் மாட்டுக்காரப் பையனாகப் பண்ணைக்குள் நுழைந்தவனுக்குச் சோறும் துணியும் கூலி. தோளுக்கு வலு வந்ததும் அவன் அரை ஆள், பின்னர் முழு ஆள்.

சாதி இந்த வேலைப் பிரிவினையில் கோடு கிழித்திருந்தது. பண்ணையாட்களில் மிகப் பெரும்பாலோர் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சமூகத்தினர். கொல்லை வழியாக வந்து சாணி அள்ளவும் கூளம் வாரவும் அவர்கள் கை வேண்டியிருந்தது. பால் கறக்கவோ கறந்த பாத்திரத்தைத் தொடவோ பல ஊர்களில் அவர்களுக்கு அனுமதி இல்லை. கறவை வீட்டாரின் வேலை, அல்லது கோனாரின் வேலை. ஒரே மாட்டின் பின்புறம் ஒருவருக்கும் மடி இன்னொருவருக்குமாகப் பங்கிடப்பட்ட இந்த ஏற்பாட்டில், கொட்டில் என்பது வீட்டுக்கும் சேரிக்கும் நடுவே நின்ற எல்லைக் கட்டடமாயிற்று.

இதனோடு ஒப்பிட, ஆங்கிலேயர் வீட்டுக் குதிரை லாயம் முற்றிலும் வேறான கணக்குமுறையைக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் குதிரை பராமரிப்பு அயலாருக்கு நெடுங்காலம் வியப்பையும் குறைகூறலையும் தந்த பொருள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைக் கண்ட மார்க்கோ போலோ, ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகைக்கு வாங்கப்பட்ட குதிரைகள், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளில்லாமல் பெரும்பாலும் மடிந்துபோவதாக எழுதினார். குதிரைக்குப் பொன்னைக் கொட்டியவர்கள் குதிரைக்காரனுக்குச் செலவிடவில்லை என்பதே அவர் கூற்றின் உட்பொருள். ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் சென்னை மாகாணத்துக் கலெக்டர் பங்களாக்களில், ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரன், அவனோடு புல் செதுக்கிக் கொண்டுவர ஒரு புல்லுக்காரனோ புல்லுக்காரியோ என்பது வழக்கமாகியிருந்தது. பெரும்பாலும் கணவன் குதிரைக்காரனாகவும் மனைவி புல்லுக்காரியாகவும் இருந்தனர். வேளைக்கு இவ்வளவு என்று அளந்த கொள்ளு வேகவைக்கப்பட்டது. மாதச் சம்பளம் ரூபாயில் தரப்பட்டது. புல்லுக்குத் தனிச் சம்பளம் வீட்டுக் கணக்கேட்டில் தனி வரியாக எழுதப்பட்டது. விலங்கைப் பேணும் வேலை தனக்கென ஒரு பெயரும், தனக்கென ஒரு சம்பளமும் பெற்றது இங்கேதான். ஆனால் அந்த முறை லாயத்தைத் தாண்டி மாட்டுக் கொட்டிலுக்கு வரவில்லை.

ஆண்டுக்கு ஆள் பிடிக்கும் வழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் பண்ணை வேலைக்காரர்கள் இலையுதிர் காலத்தில் கூடிய ஆள்பிடிச் சந்தைகளில் ஓராண்டுக்குப் பேசப்பட்டு, அச்சாரமாக ஒரு சிறு நாணயம் வாங்கிக்கொண்டு, எசமானர் வீட்டிலேயே உண்டு உறங்கிக் குதிரையையும் மாட்டையும் பார்த்துக்கொண்டனர். வேறுபாடு அச்சாரத்தின் அளவில் இருந்தது. அங்கே அது ஓராண்டு உடன்பாட்டுக்கு அடையாளம். ஆண்டு முடிந்ததும் வேறு எசமானரைத் தேடிச் செல்லலாம். இங்கே முன்பணம் தலைமுறைக்கு அடையாளமாகி, விட்டுப்போகும் வழியையே அடைத்தது.

அந்த அடைப்பை முதலில் உடைத்தது கடல்வழி. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்கான இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமையகம் 1904 முதல் திருச்சிராப்பள்ளியிலேயே இயங்கியது. அந்த மாவட்டத்தின் வறண்ட வட்டங்களிலிருந்து கங்காணிகளோடு புறப்பட்டவர்களில் பண்ணையாட்கள் கணிசமானோர். தோட்டத்தில் காத்திருந்தது வேறொரு கடன்தான். ஆயினும் பெயர்ப்பதிவேட்டில் நாட்பெயர் விழுந்து, காசாகக் கூலி எண்ணப்படும் அனுபவம் அவர்களுக்கு அங்கே கிடைத்தது. ஊரில் எஞ்சியவர்களை இழுத்துப் பிடிக்க எசமானர்களும் படியைச் சற்று உயர்த்த வேண்டியதாயிற்று.

விடுதலைக்குப் பின் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வேளாண்மை என்பதற்குத் தந்த விளக்கத்தில் பால் பண்ணைத் தொழிலும் கால்நடை வளர்ப்பும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டன. கொட்டிலில் நிற்பவரும் வேளாண் தொழிலாளரே என்று ஏட்டளவில் ஒப்புக்கொள்ளப்பட்டது அப்போதுதான். 1952இல் இராசாசி அமைச்சரவை கொண்டுவந்த தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளை எளிதில் வெளியேற்றுவதைத் தடுத்தது. ஆனால் அது தஞ்சைக்கு உரியது, கொள்ளிடத்தின் வடகரைக்கு எட்டவில்லை. அன்று விக்கிரமங்கலத்தையும் உள்ளடக்கியிருந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கென 1958இல் வந்த கையேருவாரம், மாட்டுவாரம் சட்டம் இவ்வட்டாரத்தின் தனித்தன்மையைக் காட்டுகிறது. ஏரும் மாடும் பெயரிலேயே இடம்பெற்ற இவ்விரு வாரமுறைகளில் உழைப்பவர் விளைச்சலில் ஒரு பங்கை வாங்கினார். அவர் கூலியாளா, குத்தகையாளா என்ற நெடிய வழக்குக்கு அச்சட்டம் ஒரு விடை தேடியது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் முன்பணக் கடனைச் செல்லாததாக்கியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது; 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு அமர்த்துவதையே குற்றமாக்கிய அதன் திருத்தம் 2016இல் வந்தபோது, மாட்டுக்காரப் பையன் என்ற சொல்லே ஏறக்குறைய வழக்கிழந்துவிட்டது; பள்ளியும் சத்துணவும் சட்டத்தின் வேலையை முன்னமே செய்துவிட்டிருந்தன.

சட்டத்தைக் காட்டிலும் விரைவாகக் கொட்டிலை மாற்றியவை டிராக்டரும் மின்மோட்டாரும். உழவும் இறைப்பும் மாட்டிடமிருந்து போனபின் பண்ணையாளின் மூட்டையில் மிஞ்சியது கொட்டில் வேலை மட்டுமே. அதற்காக ஆண்டு முழுதும் ஓர் ஆளை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகவில்லை. அரியலூரைச் சுற்றிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும், திருப்பூர், சென்னைப் பேருந்துகளும் இளைஞர்களை இழுத்துக்கொண்டன; 2008 ஏப்ரலில் நாடெங்கும் விரிந்த ஊரக வேலை உறுதித் திட்டம், ஊரிலேயே காசாகக் கூலி பெறும் ஒரு வாய்ப்பைப் பெண்களுக்கும் முதியோருக்கும் தந்தது. அதே காலத்தில் காளைகளின் இடத்துக்குச் சீமைக் கலப்பினக் கறவைகள் வந்து சேர்ந்தன. கூட்டுறவுச் சங்கத்துக்குக் காலையும் மாலையும் பால் ஊற்றும் வீட்டில் இரண்டோ மூன்றோ மாடுகள். அவை நாட்டு மாட்டைவிடக் கூடுதலாகத் தின்று, கூடுதலாகச் சாணி போட்டு, வெயிலுக்கும் நோய்க்கும் எளிதில் தளர்பவை. வேலை குறையவில்லை, கூடியது, செய்பவர் மாறினார்.

இன்று வீட்டுக் கொட்டிலுக்கு வெளியாளை வைத்துக்கொள்வோர் அதைத் துண்டு துண்டாகவே வாங்குகின்றனர். கறவைக்காரர் இரு வேளையும் வந்து கறந்துவிட்டுப் போவார். அவருக்கு மாட்டுக்கு இவ்வளவு என்று மாதக் கூலி. சாணி அள்ளிக் கொட்டில் கூட்டும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் ஒன்று பேசப்பட்டாலும், அள்ளிய சாணியில் ஒரு பகுதியை வறட்டி தட்டிக்கொள்ளவோ எருவாக விற்கவோ எடுத்துக்கொள்ளும் உரிமையும், ஒரு செம்பு பாலும், பொங்கலுக்குச் சேலையும் அதனோடு சேர்ந்தே வருகின்றன. இராசராசன் காலத்து இடையருக்கு விடப்பட்ட மிச்சமும், பண்ணையாளின் மூட்டையிலிருந்த துணியும் சோறும், சம்பளத்தின் ஓரத்தில் இவ்வாறு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சட்டத்தின் பார்வையில் இவர் வேளாண் தொழிலாளரா, 2007இல் நலவாரியம் அமைக்கப்பட்ட வீட்டுப்பணியாளரா என்பதற்குத் தெளிவான விடையில்லை. கொட்டில் வீட்டோடு ஒட்டியிருப்பதால் இரண்டு பக்கமும் அவர் பாதி பாதியாகவே தென்படுகிறார்.

வெளியாள் வைக்க இயலாத மிகப் பல வீடுகளில் அந்த வேலை வீட்டுப் பெண்ணிடம் வந்து சேர்ந்துள்ளது. அவருக்குப் படியும் இல்லை, சம்பளமும் இல்லை. பால் பணம் சங்கத்தில் அவர் பெயரிலோ கணவர் பெயரிலோ பதிவானாலும் தீவனக் கடனுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போய்விடுகிறது. ஆயிரம் ஆண்டுகளாக நெய்யாலும் கன்றாலும் படியாலும் மறைமுகமாகவேனும் அளக்கப்பட்டு வந்த ஓர் உழைப்பு, எந்த அளவையும் இல்லாமல் செய்யப்படுவது இந்தக் கட்டத்தில்தான். மாடு கட்டியதில் ஆதாயம் உண்டா என்று கணக்குப் பார்க்கும் வீடுகள் பிண்ணாக்கையும் மருந்தையும் கழிக்கின்றன. விடியற்காலை இரண்டு மணி நேரத்தைக் கழிப்பதில்லை. அதைக் கழித்தால் பல கொட்டில்கள் நட்டத்தில் நடப்பது தெரியவரும்.

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விற்பனைக்கன்றி வீட்டுத் தேவைக்கு மட்டுமே பால் உற்பத்தி செய்பவரும் உழைப்பாளராகவே கொள்ளப்பட வேண்டும் என்று விளக்கம் தரப்பட்டது. கொட்டில் வேலை வேலைதான் என்று அரசின் ஏடு ஒப்புக்கொண்டுவிட்டது. அதன் கூலி எவ்வளவு என்பது மட்டும் இன்னும் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.